முந்நூற்றறுபது இலை

14 அக்டோபர் 1942

இந்தப் பழம் விஷமா, இல்லையா?

பக்கத்து வீட்டு நேசம்மா இன்று வேலிக்கு அப்பால் நின்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவளுக்குப் பெரிய ஏமாற்றம். "பள்ளிக்கூடத்தில பதினேழு வருஷம் செடிகொடி படிப்பிச்ச டீச்சருக்கே தெரியாட்டி வேற ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாதாக்கும்" என்றேன்.

உண்மையும் அதுதான். என்னிடம் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று, பறவையும் பிள்ளைகளும் தின்னும் என்கிறது. மற்றது, எங்கோ ஒரு தீவில் ஒரு பிள்ளை தின்று செத்தது என்கிறது. எழுதிய இருவருமே கண்ணால் கண்டவர்கள் அல்ல. வேர் விஷம் என்று மட்டும் இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். மலாய்க்காரர் அதை இடித்துச் சோற்றில் கலந்து எலிக்கு வைப்பதுண்டாம். பழத்தைப் பற்றி ஆதாரம் இல்லை.

அழகான பழம். மைக்கூட்டில் முக்கி எடுத்தது போன்ற நீலம். வாள் போன்ற இலைக்கு மேலே மெல்லிய காம்பில் தொங்குகிறது. ஆங்கிலத்தில் இதை ஆளிச்செடி என்றும் லில்லி என்றும் சேர்த்து அழைக்கிறார்கள். இது ஆளியும் அல்ல, லில்லியும் அல்ல. மலாயில் சியாக்-சியாக். தமிழில் பெயரே இல்லை. எங்கள் வீட்டில் 'வாசுவின் புல்லு'. வாசுவுக்குப் பதினைந்து வயதில், கிள்ளான் ரயில் லைனில் மண் வெட்டிய சரிவிலிருந்து பிடுங்கி, நனைத்த காலுறைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். நான் ஆசையாக வாங்கி நட்ட ரோஜாக்கள் எல்லாம் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் களிமண்ணில் வேர் அழுகிச் செத்தன. இது சாகவில்லை.

மாலை ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த வாசு கேட்டுவிட்டுச் சிரித்தான். "அம்மாக்குத் தெரியாத கேள்வி ஒண்டு! நேசம்மா மாமி, திகதியைக் குறிச்சு வையுங்கோ!"

ஆகவே குறித்து வைக்கிறேன்.

2 நவம்பர் 1942

பூந்தோட்டங்களைப் பிடுங்கிவிட்டு உணவுப்பயிர் வைக்க வேண்டும் என்பது உத்தரவு. ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதும் கல்வாழையையும் செவ்வந்தியையும் பிடுங்கி மரவள்ளிக் குச்சி ஊன்றியாகிவிட்டது. நானும் ஊன்றினேன். வாசுவின் புல் நிற்கும் பாத்தியை மட்டும் விட்டேன்.

இன்று பார்வையிட ஒரு ஜப்பானிய அதிகாரி வந்தான். கூடவே மொழிபெயர்க்க ஒரு தமிழர்.

"இத ஏம்மா புடுங்கல?"

பதில் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "இது இருந்தால் எலி வராது. மரவள்ளிக்குக் காவல். கிராமங்களிலே மலாய்க்காரர் எல்லாரும் நடுவார்கள்" என்றேன்.

அதிகாரி குனிந்து இலையைத் தடவிப் பார்த்தான். ஏதோ எழுதிக்கொண்டான். மொழிபெயர்ப்பாளர் முகம் மலர்ந்து திரும்பினார். "ரொம்ப நல்லதாம்மா! வரிச முழுக்க நடச் சொல்றாரு. பதினாலு வீடு. கன்னு நீங்கதான் குடுக்கணுமாம்."

உள்ளே வாசு துவாயை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்ததைக் கேட்டேன். ஐம்பதை நெருங்கும் வயதில், ஆதாரம் இல்லாத ஒன்றை முதல் தடவையாக உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். நம்பினார்கள்.

20 நவம்பர் 1942

நானும் வாசுவும் காலை முழுவதும் பிரித்தோம். முதலில் தூரைச் சுற்றி ஒரு முழம் தள்ளி மண்ணை வெட்ட வேண்டும். கிழங்கு போல ஓடும் தண்டைப் பாராங்கத்தியால் துண்டு போட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று இலையாவது, கொஞ்சம் வேராவது இருக்க வேண்டும். இலையைப் பாதியாக நறுக்கிவிட வேண்டும். நறுக்காவிட்டால் வேர் பிடிக்கும் முன் நீரை எல்லாம் இலையே குடித்துவிடும். குழியில் உடைந்த செங்கல்லும் அடுப்புச் சாம்பலும். எரு வேண்டாம். கழுத்து மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், புதைத்தால் அழுகும்.

நாற்பத்திரண்டு கன்று. வீட்டுக்கு மூன்று. வாசு ஒரு தகர வாளியில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போய், "எலி மருந்து, எலி மருந்து" என்று கூவிக் கொடுத்தான். ஏழாம் வீட்டு வள்ளியம்மா, "தம்பி, உன்னைப் பாத்தே எலி ஓடும்" என்றாளாம்.

1 டிசம்பர் 1942

எங்கள் வாசலில் புதிதாக வைத்த மூன்றும் வாடி நிற்கின்றன. வேர் விட்டதா என்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். திரும்ப நட்டேன்.

5 டிசம்பர் 1942

மறுபடி பிடுங்கிப் பார்த்தேன். வாசு கண்டுவிட்டான். "கிளறிக் கிளறிப் பாத்தா அது எப்பிடி அம்மா வேர் விடும்? கொஞ்சம் நம்பி விடுங்கோவன்."

பார்க்காமல் எப்படி நம்புவது?

அந்த ஒரு கன்று செத்தது. மற்ற நாற்பத்தொன்றும் பிழைத்தன.

17 ஜனவரி 1943

எலி மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்றிருக்கிறது. வாசுவின் புல்லின் நிழலிலேயே உட்கார்ந்து தின்றிருக்கிறது. தோல் முழுவதும் அங்கேதான் கிடந்தது. வரிசையில் யாரிடமும் சொல்லவில்லை. வரிசையில் யாரும் என்னிடமும் சொல்லவில்லை.

30 மே 1943

சியாமில் ரயில் பாதை போடுகிறார்கள். கூலியாட்களோடு, வாசுவைப் போல மருந்து கட்டும் டிரெஸ்ஸர்களும் போக வேண்டுமாம். பெயர் கொடுத்தால் மூன்று மாதம், அரிசி உண்டு, திரும்பி வந்ததும் பழைய வேலை. வாசுவின் ஆஸ்பத்திரியில் நான்கு பேரைக் கேட்டிருக்கிறார்கள்.

நேசம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், விடாதேயுங்கோ. போனதுகள் திரும்புறேல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுகினம்."

"திரும்பாத ஒருவரின் பெயர் சொல்லுங்கோ."

அவளுக்குத் தெரியவில்லை. ஒருவர் பெயரும் தெரியவில்லை.

இவருடைய சிநேகிதர் ஒருவருக்கு ஜெஞ்சாரோமில் தென்னந்தோட்டம் இருக்கிறது. ஆறு மாதம் பையனை அங்கே அனுப்பி ஒளித்து வைக்கலாம் என்றார் இவர். என் கணவர் சிவசம்பு முப்பது வருஷமாக ரயில்வேக் குமாஸ்தா. ஒரு நாள்கூட லீவு போட்டவர் அல்ல. அவரே ஒளிக்கச் சொல்கிறார் என்றால் எவ்வளவு பயந்திருப்பார் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

3 ஜூன் 1943

இரவுச் சாப்பாட்டில் வாசு கேட்டான். "அம்மா, போகட்டோ? ஜெஞ்சாரோமுக்குப் போகட்டோ? நீங்கள் சொல்லுங்கோ."

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "ஆதாரம் இல்லாமல் பயப்படுறது படிச்சவனுக்கு அழகில்லை. மூண்டு மாதம்தானே. அங்க நோயாளிகள் இருப்பினம்."

இவர் கை கழுவ எழுந்து போனார். திரும்பி வந்து உட்காரவில்லை.

6 ஜூன் 1943

வண்டி பகல் இரண்டு மணிக்கு. ஸ்டேஷன் கடிகாரம் டோக்கியோ நேரம் காட்டியது. என் கைக்கடிகாரத்தை நான் மாற்றவில்லை, அதில் பன்னிரண்டரை. சரக்குப் பெட்டிகள். தோட்டத்துச் சனங்கள் பெண்டு பிள்ளைகளோடு ஏறினார்கள். டிரெஸ்ஸர்களுக்குத் தனிப் பெட்டி இல்லை.

வாசு ஜன்னல் இல்லாத பெட்டியின் கதவில் நின்றான். "அம்மா, புல்லைப் பிடுங்கிப் பாக்காதேயுங்கோ."

"இல்லை."

"போட்டு வாறன்."

நான் அழவில்லை. அதைப் பெருமையாக நினைத்தேன் அன்றைக்கு— அன்றைக்கு என்று ஏன் எழுதுகிறேன், இது இன்றுதானே.

19 செப்டம்பர் 1943

கடிதம்! தபாலில் வரவில்லை, சியாமிலிருந்து லோரியில் வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம், பென்சிலில்:

"அம்மா அப்பா, நான் சுகம். வேலை கூட. மருந்து குறைவு. அம்மா, உங்கட செடி இஞ்ச மண் வெட்டின சரிவு முழுக்க நிக்குது, ஒருத்தரும் நடேல்லை. நல்லாப் பழுத்திருக்கு. ஆக்கள் பசியில, தின்னலாமோ எண்டு என்னட்டக் கேக்கினம். நான் என்ன சொன்னனெண்டு வந்து சொல்லுறன். சிரிப்பீங்கள். வாசு."

நாற்பது தடவை படித்துவிட்டேன். இவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். அட்டையை என் தாவரவியல் புத்தகத்தில், அந்தச் செடியின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டவில்லை.

மூன்று மாதம் முடிந்து பதின்மூன்று நாள்.

28 டிசம்பர் 1943

நேசம்மா கிறிஸ்துமஸுக்கு மரவள்ளி மாவில் ஒரு கேக் சுட்டுக் கொடுத்தாள். வாசுவுக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கச் சொன்னாள். வைத்தேன். மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடித்தது.

8 மார்ச் 1944

ஒன்றும் இல்லை.

22 ஜூன் 1944

வள்ளியம்மாவின் தம்பியும் போன வருஷம் அதே பாதைக்குப் போனவன். அவள் செந்தூலில் ஒரு சாத்திரியிடம் போய்ச் சாதகம் பார்த்து வந்தாளாம். உயிரோடு இருக்கிறான் என்றாராம். இவருக்கும் வாசுவின் சாதகத்தைக் கொண்டுபோக ஆசை.

"அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

இவர் சொன்னார்: "மீனலோசனி, உமக்குத்தான் எப்பிடித் தெரியும், அவருக்குத் தெரியாதெண்டு?"

பிறகு கிணற்றடிக்குப் போய் வெகு நேரம் முகம் கழுவினார். பின்னாலே போயிருக்க வேண்டும். போகவில்லை. இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பிள்ளைக்காகத்தான், ஆனால் தனித்தனியாக.

சாதகத்தை நான் கொடுக்கவில்லை. கெட்டது சொல்லிவிடுவார் என்ற பயமா? நம்பிக்கை இல்லாதவளுக்கு ஏன் பயம்?

11 பிப்ரவரி 1945

மரவள்ளி பூச்சி விழுந்து போயிற்று. சர்க்கரைவள்ளி இலையும் முடிந்தது. மழை இல்லாத ஐந்தாவது வாரம். வரிசை முழுவதும் வாசல்கள் காய்ந்து வெடித்துக் கிடக்கின்றன. பதினான்கு வீட்டு வாசலிலும் பச்சையாக நிற்பது வாசுவின் புல் ஒன்றுதான். யாரும் தண்ணீர் விடவில்லை. எரிச்சலாக வந்தது. நீ மட்டும் எப்படி நிற்கிறாய்?

20 ஆகஸ்ட் 1945

யுத்தம் முடிந்துவிட்டதாம். யாரும் உரக்கச் சொல்லவில்லை. வேலிக்கு வேலி மெதுவாக வந்தது. நேசம்மா அழுதாள். "இனி வந்திடுவான் டீச்சர்."

ஆதாரம் கேட்கவில்லை நான்.

அக்டோபர் 1945, திகதி நினைவில்லை

ஸ்டேஷன். நேற்றும் ஸ்டேஷன். வடக்கிலிருந்து வருகிற ஒவ்வொரு வண்டிக்கும். எலும்பும் தோலுமாக இறங்குகிறார்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, இவன் இல்லை, இவன் இல்லை. முகம் மாறியிருந்தால்? நான் அவனைத் தெரியாமல் விட்டுவிட்டால்?

11 நவம்பர் 1945, ஞாயிறு

இன்று நான் செய்ததை எழுதியே ஆக வேண்டும்.

காலையில் வாசலில் ஒரு பெண். முப்பது வயது இருக்கும், தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது. காலில் ஆறாத புண். பெயர் மாரியாயி, கிள்ளானுக்குப் பக்கத்துத் தோட்டம், சியாமிலிருந்து வந்து பத்து நாள் ஆகிறது என்றாள். கிள்ளானிலிருந்து நடந்தும் லோரியிலும் வந்திருக்கிறாள். "டிரெசரய்யா வீடு இதுதானுங்களா? பிரிக்பீல்ட்ஸ்னு சொல்லுவாரு. வாசல்ல கத்தி மாதிரி எல இருக்கும்னு சொல்லுவாரு. வரிச பூரா இருக்கு, எந்த வீடுன்னே தெரியலம்மா, ஒண்ணொண்ணாக் கேட்டுக்கிட்டு வர்றேன்."

பிறகு, நின்றபடியே, "அவரு செத்துட்டாரும்மா" என்றாள்.

நான் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"எப்போது?"

"மொத வருசம் தீவாளிக்கு முன்னாடி. காலரா."

"என்ன திகதி?"

"அங்க ஏதும்மா தேதி."

"நீ கண்ணால் கண்டாயா?"

"கண்டேம்மா. குழிக்குத் தூக்குனதே எம் புருசன்தான்."

"காலராவில் முகம் அடையாளம் தெரியாது. அது அவன்தான் என்று எப்படித் தெரியும்? வேறு டிரெஸ்ஸர் இருந்தார்களா? உன் புருஷன் எங்கே? அவரைக் கேட்க வேண்டும்."

"மறுவாரம் அவரும் போயிட்டாரு."

நான் கேட்டேன்— என் வாய்தான் கேட்டது— "அதை ஆர் கண்டது?"

"என்னா டீச்சரம்மா, பொணத்துக்கு டிக்கெட்டு கேக்குறீங்க?" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, புண்காலை இழுத்து இழுத்து, வந்த வழியே போனாள்.

இவர் உள்ளேயிருந்து எல்லாம் கேட்டிருக்கிறார். வெளியே ஓடினார், கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை நான்.

18 நவம்பர் 1945

கிள்ளானுக்கு ரயிலில் போனேன். அங்கிருந்து தோட்டம் வரை கேட்டுக் கேட்டு நடந்தேன். தொழிலாளர் லயத்து வாசலில் மாரியாயி மண்வெட்டியோடு நின்றாள். என்னைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. "உக்காருங்கம்மா" என்றாள். உட்கார்ந்தேன். கறுப்புக் கோப்பி கொடுத்தாள்.

"மன்னிச்சுக்கொள் அம்மா. நான் கேட்டது மனுஷர் கேட்கிற கேள்வியில்லை" என்றேன்.

"விடுங்கம்மா. நானும் அப்பிடித்தான் இருந்தேன். எம் புருசன் செத்தப்ப மூணு நாள் சோறு எடுத்து வெச்சேன்."

பிறகு அவளாகச் சிரித்தாள். "ஒங்களப் பத்தி நெறையாச் சொல்லுவாரும்மா. அங்க மண்ணு வெட்டுற எடம் பூரா ஊதாப் பழமா காய்ச்சிக் கெடக்கும். அந்தக் கத்தி எலச் செடிதான். பசிக் கொடும. ஆளுங்க பறிக்கப் போவாங்க. டிரெசரய்யா ஓடியாந்து கத்துவாரு. 'தின்னாதீங்கடா! எங்கம்மா மதராஸ்ல படிச்சவங்க, அவங்களுக்கே தெரியாது, ஒங்களுக்கு எப்படிடா தெரியும்?' நாங்க சிரிப்போம். அப்பறம் எதுக்கெடுத்தாலும் அதேதான். நாளைக்கு அரிசி வருமான்னு ஒருத்தன் கேப்பான். 'டிரெசரய்யா அம்மாவுக்கே தெரியாது!' எப்ப ஊருக்குப் போவோம்? 'டிரெசரய்யா அம்மாவுக்கே தெரியாது!'"

நான் சிரித்துவிட்டேன். அவன் எழுதியிருந்தானே, சிரிப்பீங்கள் என்று. வந்து சொல்லுறன் என்று.

அந்த அட்டையை இந்தப் பெண் பார்த்திருக்க வழியில்லை.

"ஒருவருமே தின்னவில்லையா?" என்று கேட்டேன்.

"அவரு சொன்னா சொன்னதுதான். பசியில செத்தாங்கம்மா. அதத் தின்னு ஒருத்தரும் சாகல."

திரும்பும் வண்டியில் யோசித்தேன். இவள் வாசுவோடு இருந்தாள் என்பதற்குத்தான் இது ஆதாரம். அவன் செத்ததற்கு அல்ல. சரியான தர்க்கம். வண்டி சரிவைத் தாண்டும்போது, அவன் முதலில் பிடுங்கி வந்த இடம், அங்கே இன்னும் நிற்கிறது அந்தச் செடி, நீலமாக— தர்க்கம் எல்லாம் போயிற்று. எதிரில் ஒரு சீனக் கிழவர் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார், நான் அழுது முடியட்டும் என்று.

என் பிள்ளை. ஒளிக்க இடம் இருந்தது. அவன் கேட்டான். நான்தான் போ என்றேன்.

ஐயோ என்ர பிள்ளை.

20 நவம்பர் 1945

இவரிடம் எல்லாம் சொன்னேன். ஜூன் மூன்றாம் திகதிச் சாப்பாட்டையும் சேர்த்து. இவர் சொன்னார், "நானும் அப்பனாய் நிண்டு 'போகாதை' எண்டு சொல்லேல்லைத்தானே." அவ்வளவுதான். என் தலையில் கையை வைத்தார். இருபத்தாறு வருஷத்தில் அப்படி வைத்த நினைவு இல்லை.

கோயில் ஐயர் வந்தார். உடல் கிடைக்காதவர்களுக்குப் புல்லால் ஓர் உருவம் செய்து, அதைத் தகனம் செய்து, அதன் பிறகு கிரியைகள். மனுஷ எலும்பு முந்நூற்றறுபது என்பது கணக்காம். ஆகவே முந்நூற்றறுபது புல். (எலும்பு அத்தனை இல்லை. சொல்லவில்லை.) திகதி தெரியாததால் அமாவாசையில் செய்யலாம், டிசம்பர் நாலு.

"தர்ப்பை இந்தியாவிலிருந்து வந்து நாலு வருஷமாச்சு. லாலாங் புல்லு போதும், மேட்டிலெல்லாம் கிடக்குது" என்றார் ஐயர்.

எனக்கு இந்தக் கிரியைகளில் நம்பிக்கை இல்லை. இப்போதும் இல்லை. ஆனால் லாலாங் என்றதும் சொல்லிவிட்டேன்: "லாலாங் வேண்டாம். அவன் கொண்டுவந்த புல்லு வாசலில் நிற்கிறது."

ஐயர் எட்டிப் பார்த்தார். "அது புல்லே அம்மா?"

"இல்லை" என்றேன். "ஆனால் அதுதான்."

இவர் ஐயரைப் பார்த்தார். ஐயர் சரியென்று தலையசைத்தார்.

30 நவம்பர் 1945

வெட்டினேன். நடுக்குருத்தை மட்டும் விட்டு வெளி இலைகளாகப் பார்த்து, அடியோடு. என் பாத்தியில் நூற்றுமுப்பத்தொன்றுதான் தேறின. போதாது.

நேசம்மாவிடம் சொன்னேன். அவள் கிறிஸ்தவள், இந்தச் சடங்கெல்லாம் அவளுக்கு இல்லை. ஒன்றும் கேட்காமல் கத்தியை எடுத்துக்கொண்டு தன் வாசலில் குந்தினாள். அரை மணி நேரத்தில் வரிசை முழுவதும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வாசலிலிருந்தும் கட்டுக் கட்டாக வந்தது. எல்லாம் அந்தக் காலுறைக்குள் வந்த ஒரு தூர். எலி மருந்து என்று அவன் கூவிக் கொடுத்தது. இலையின் ஓரம் கையை அறுத்தது. எண்ணினேன்.

ஏழாம் வீட்டில் வள்ளியம்மா கதவைப் பாதி திறந்தாள். "டீச்சர், குறை நினைக்காதேயுங்கோ. என்னட்ட மட்டும் கேக்காதேயுங்கோ. தம்பி இன்னும் வரேல்லை."

கேட்கவில்லை. அவள் வாசலில் நிற்பது நிற்கட்டும்.

அவள் இல்லாமலே முந்நூற்றறுபது ஆயிற்று.

மழை. காயவைக்க வெயில் இல்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

4 டிசம்பர் 1945, அமாவாசை

ஐயர் முற்றத்தில் வைத்துக் கட்டினார். தலைக்கு இத்தனை, கைக்கு இத்தனை, நெஞ்சுக்கு இத்தனை என்று கேட்கக் கேட்க, நான் எண்ணி எண்ணிக் கொடுத்தேன். கட்டி முடித்தபோது ஒரு குழந்தையின் நீளம் இருந்தது. வாசு பிறந்தபோது அவனை அளந்து எழுதி வைத்தேன். இது அதைவிடக் கொஞ்சம் நீளம்.

வேட்டித் துண்டு போர்த்தி இவர் தூக்கிக்கொண்டார். பாரமே இல்லை, ஆனால் இரண்டு கையாலும் தூக்கினார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வாசல் படலை வரை போனேன். நேசம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். வரிசையில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

பகல் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். "ஈரம் போகேல்லை. எரிய நேரம் எடுத்தது" என்றார். முழுகிவிட்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

இலை வெட்டும்போது பழக்காம்புகளைத் தனியே எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தேன். மாலை ஐந்து மணிக்கு, பின்கதவில் உட்கார்ந்து, ஒன்றைக் கடித்தேன். தோல் மெல்லியது. உள்ளே வெள்ளைப் பஞ்சு போல. விதை நான்கு, கறுப்பு. கால் மணி நேரம் இருந்தேன். பிறகு இன்னும் நான்கு தின்றேன். மொத்தம் ஐந்து. நாக்கு எரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

விளைவை நாளைக்கு எழுத வேண்டும்.

5 டிசம்பர் 1945

ஒன்றும் ஆகவில்லை.

வயிற்று வலி இல்லை, வாந்தி இல்லை, தலைச்சுற்று இல்லை. ஆறரைக்கு எழுந்தேன். வாசலைப் பார்த்தேன். விட்ட குருத்துகள் கால் அங்குலம் மேலே வந்திருக்கின்றன. தொடவில்லை. தின்றது ஐந்து பழம், ஒரு தடவை, பட்டினி கிடக்காத ஒரு பெண். இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அங்கே பசித்திருந்தவர்கள்— வாசு—

அடுப்படியில் இவரிடம் சொன்னேன். "அந்தப் பழம் விஷமில்லை போல."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

சொன்னேன்.

கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கத்தினார். "நானொருத்தன் இருக்கிறன் எண்ட நினைப்பில்லையோ உமக்கு? நேற்றுத்தானே ஒண்டை எரிச்சிட்டு வந்தனான்!"

வேலிக்கு அப்பால் நேசம்மாவின் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

இவர் பலகையில் உட்கார்ந்தார். வெகு நேரம் கழித்து, கிண்ணத்தில் மிச்சமிருந்த பழங்களைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எப்பிடி இருந்தது?"

"கொஞ்சம் இனிப்பு" என்றேன்.